யாருக்கும் சொந்தமில்லாத கலர்

எங்கள் விமானத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த கதையை அண்ணன் இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் கதையில் நான் இல்லை. கோபம் வராமல் என்ன செய்யும்? அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

விமானம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை, நான் கல்லூரியில் படித்த காலத்து வண்டி. உள்ளே ஏறினால் முட்டி இடிக்கும். ஏசி கிடையாது. வெயில் காலத்தில் தரையில் காத்திருக்கும்போது இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பொழிச்சலூர்ப் பக்கத்து மாடிகளில் துணி காயப்போடுகிறவர்கள் கொஞ்சம் எட்டிப் பார்த்தால், விமான நிலையத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகையும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாலும் தெரியும். அந்த வால் எங்களுடையது.

எங்களுடையது என்றால் மூன்று பேருக்கு. ஒருவர் என் அண்ணன். நாவலூரிலிருந்து மாடம்பாக்கம் வரைக்கும் அடுக்குமாடி கட்டி விற்கிறவர். இன்னொருவர் அவருடைய பள்ளிக்கூட நண்பர், தாம்பரத்தில் எலும்பு டாக்டர். மூன்றாவது ஆள் நான். பல வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, இப்போது ஒரு தனியார் கல்லூரியில் அதையே கரும்பலகையில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று பேரில் லைசென்ஸ் இருப்பது எனக்கு மட்டும்தான். அவர்கள் உட்கார்ந்து வருவார்கள், நான் ஓட்டுவேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர்கள் இரண்டு பேரும் அதை மறந்துபோனதுதான் கதையே.

பழைய பெயின்ட் வெள்ளை. இறக்கை நுனிகளும் வாலும் மட்டும் நல்ல ஆரஞ்சு. கடல் காற்று தின்று தின்று அது பொறுக்குப் பொறுக்காக உதிர ஆரம்பித்தது. விரலால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதே வெள்ளை, அதே ஆரஞ்சு, ஒரு வாரத்தில் முடிந்துபோகும் வேலை என்றுதான் நான் நினைத்தேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கல்யாணம் வந்தது. எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், தெற்கே. தேர்தல் நேரம். அங்கே ஒரு சின்ன ஓடுதளத்தில் இறங்கினோம். நாங்கள் பட்டுப்புடவையும் வேட்டியுமாக இறங்குவதை எவனோ செல்போனில் படம் பிடித்துவிட்டான். அன்று மாலைக்குள் அந்தப் படம் வாட்ஸப்பில் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. ஆரஞ்சு வாலைப் பார்த்து, இன்ன கட்சிக்காரர் தனி விமானத்தில் வந்து இறங்கினார் என்று எழுதியிருந்தார்கள். ஊர் திரும்பியதும் அண்ணனின் ஏரியாவில் வேறு கட்சியைச் சேர்ந்த முக்கியஸ்தர் ஒருவர், என்ன சார் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அந்தச் சிரிப்பு அண்ணனைத் தூங்கவிடவில்லை. கட்டடம் கட்டுகிறவருக்கு எல்லாப் பக்கமும் வேண்டும்.

அதனால் கலர் விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாவலூரில் தன் வீட்டிலேயே கூட்டம் போட்டார். பத்தாவது மாடி. சாப்பாட்டு மேஜையில் பெயின்ட் கம்பெனியின் கலர் கார்டை விசிறி மாதிரி விரித்து வைத்திருந்தார். நானும் டாக்டரும் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எதிரே வருகிற விமானி கண்ணில் நான் பட வேண்டும். சின்ன ஓடுதளங்களில் நம்மை வழிநடத்த மேலே கோபுரத்தில் ஆள் கிடையாது. இங்கே இருக்கிறேன், இந்தப் பக்கம் திரும்பப்போகிறேன் என்று அவரவர் ரேடியோவில் சொல்லிக்கொண்டு, அவரவர் கண்ணால் பார்த்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். மோதுகிற திசையில் வரும் விமானம் கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் புள்ளி. அசையாத புள்ளியைக் கண் கவனிக்காது. அது பெரிதாகித் தெரியும்போது எதுவும் செய்ய நேரம் இருக்காது. அதிலும் நம் கடற்கரையில் காலை வேளையில் கடல் ஈரமும் புழுதியும் புகையும் கலந்து வானம் வெளுத்துக் கிடக்கும். அதில் வெள்ளை விமானம் கரைந்துபோகும். அதனால்தான் நுனியில் ஆரஞ்சு. இதை நான் எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கும் பொறுமையாகச் சொன்னேன். டாக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அண்ணன் கலர் கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

நான் முடித்ததும், ஆரஞ்சு முடிந்துபோன விஷயம் என்றார். சரி, சிவப்பு? சிவப்பு ஒரு கட்சி. சிவப்புக்குப் பக்கத்தில் விமானப் பதிவு எழுத்துகள் கறுப்பில் வருமே, அது இன்னொரு கட்சி. மஞ்சள்? மஞ்சளுக்கும் கட்சி இருக்கிறது, அதோடு கொஞ்சம் சிவப்பு பட்டால் சாதியும் சேர்ந்துகொள்ளும் என்றார் டாக்டர். பச்சை? தனியாக இருந்தால் ஒருத்தர், வெள்ளையோடு இருந்தால் வேறொருத்தர். இந்த இரண்டு பேரும் சோழிகளைப் போல நிறங்களை ஒன்றொன்றாகத் தள்ளிவைத்தார்கள். எந்த இரண்டு நிறம் சேர்ந்தால் யாருடைய கொடி, எந்த ஊரில் எந்தச் சங்கத்தின் பேனர், பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் கட்டிக்கொண்டு வருகிற எந்தக் கயிறு எந்தச் சாதி என்றெல்லாம் இவர்களுக்குத் தலைகீழாகத் தெரிந்திருந்தது. விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, இது மட்டும் மனப்பாடம்.

நீலம் என்றேன். அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீலம் வேணாம் பாப்பா."

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம். விடேன்."

மற்ற நிறங்களுக்கெல்லாம் சத்தமாகக் காரணம் சொன்னவர், இதற்கு மட்டும் அக்கம்பக்கம் பார்த்தார். பத்தாவது மாடியில், சொந்த வீட்டில். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காரணத்தை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஐம்பது வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிட்டு வாயை அடைப்பது வேறு. வானத்தில் யாரும் ஓட்டுப் போடப்போவதில்லை அண்ணா என்றேன். இறங்குவது தரையில்தானே என்றார்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. கலர் கார்டைப் பிடுங்கிப் புரட்டி, புடவைக் கடைக்காரர்கள் ராணி பிங்க் என்பார்களே, அந்த நிறத்தில் விரலை வைத்தேன். கண்ணைக் குத்துகிற பிங்க். இதற்குக் கட்சி உண்டா, சங்கம் உண்டா, கயிறு உண்டா, சொல்லுங்கள் என்றேன். இரண்டு பேரும் நிஜமாகவே யோசித்தார்கள். டாக்டர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகப் போய்வந்தார். ஒன்றும் அகப்படவில்லை. காபி கொண்டுவந்த அண்ணி எட்டிப் பார்த்து, நல்லாத்தானே இருக்கு என்றார்.

"யாருக்கும் சொந்தமில்லாத கலர்ணா இது," என்றேன்.

அண்ணன் ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாப்பா, இது லேடீஸ் கலர்."

டாக்டருக்கும் சிரிப்பு. லேடீஸுக்கு டிக்கெட் கிடையாது என்று எழுதிவிடலாமா, நம் ஊர் பிங்க் பஸ் மாதிரி என்றார். இரண்டு பேரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். காசில்லாமல் பெண்கள் ஏறுகிற அந்தப் பஸ்ஸில்தான் அண்ணன் வீட்டில் சமைக்கிற அக்கா தினமும் வருகிறார். அவர் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அண்ணி காபி டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனார். ஓட்டுகிறவள் பெண், அவள் நிறம் மட்டும் ஆகாது. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். லிஃப்டில் இறங்கும்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது முத்து வெள்ளையும் வெளிர் சாம்பலும். யார் மனமும் புண்படாத நிறங்கள். மூன்றில் இரண்டு பங்கு அவர்கள், நான் ஒரு பங்கு. வேலை நடந்த நாட்களில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. முடிந்தபின் போனேன். பெயின்ட் வேலையின் மேஸ்திரி பெருமையாக அழைத்துப்போய்க் காட்டினார். "சும்மா சொல்லக்கூடாது மேடம், கிளாஸா கீது. சோப்பு போட்டுக் குளிப்பாட்டுன மாதிரி," என்றார். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை, நான் அவரிடம் அதைச் சொன்னேன். கொட்டகைக்கு வெளியே இழுத்து நிறுத்திவிட்டுப் பின்னால் நடந்து நடந்து பார்த்தேன். வானம் அன்றைக்கும் வெளுத்துத்தான் இருந்தது. தூரம் போகப்போக விமானத்தின் விளிம்பு எது, வானம் எது என்று தெரியவில்லை.

பூஜை போட்டார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், மூக்கில் மாலை. பூசணிக்காய் உடைக்கக்கூடாது, சிதறலை எஞ்சின் இழுத்துக்கொள்ளும் என்று அதை மட்டும் தடுத்தேன். அண்ணன் தன் கையால் இரண்டு பக்கமும் சந்தனம் வைத்து அதன்மேல் பெரிதாகக் குங்குமம் வைத்தார். அந்த விமானத்தில் தூரத்திலிருந்து தெரிந்தது அந்தக் குங்குமம் ஒன்றுதான். அதையும் பெயின்டில் கறை பிடித்துவிடும் என்று சாயங்காலமே துடைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் ஓட்டினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். வீராப்பாக மறுத்திருக்கலாம்தான். ஆனால் எனக்கும் பறக்க வேண்டும். வாரம் முழுக்கக் கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் இறக்கை வரைகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிஜ இறக்கை வேண்டியிருந்தது. கூடுதலாக விளக்குகளைப் போட்டுக்கொண்டு, ரேடியோவில் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

அப்படி ஒரு காலை, அண்ணன் என் வலப்பக்கத்து இருக்கையில். அதே தெற்கத்திச் சின்ன ஓடுதளம். இறங்குவதற்கு முன் ஓடுதளத்தைச் சுற்றிவரும் அந்தச் சுற்றில் ஒரு பயிற்சி விமானமும் இருந்தது, இரண்டு பேரும் ரேடியோவில் மாற்றி மாற்றி இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம். நான் எங்கே இருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எங்கே என்று எனக்கும் தெரியும். என் கண் அவர்களைத் தேடிக்கொண்டே இருந்தது. அண்ணன் ஏதோ ஒரு லேஅவுட்டைக் கீழே காட்டி இங்கே நிலம் என்ன விலை போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது இடப்பக்கம், எனக்குச் சற்றுக் கீழே, ஒரு மஞ்சள் இறக்கை என்னை நோக்கி ஏறிக்கொண்டு வந்தது. மஞ்சளாக இருந்ததால்தான் பார்த்தேன். வலப்பக்கம் சாய்த்து இழுத்தேன். அண்ணனின் தலை கண்ணாடியில் இடித்தது. அந்த விமானத்தின் சக்கரத்தில் இருந்த மண்ணை நான் பார்த்தேன். அவர்கள் திரும்பவே இல்லை. நேராக அப்படியே போனார்கள்.

இறங்கி எஞ்சினை நிறுத்தினேன். அந்த விமானமும் இறங்கியது. அதிலிருந்த பயிற்சியாளர், என் வயதுதான் இருக்கும், நேராக எங்களிடம் நடந்து வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன், வந்தால் சண்டை போடவும் தயாராக இருந்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"மேடம், நீங்க சொன்ன இடத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். அங்க வானம்தான் இருந்துச்சு," என்றார்.

அண்ணன் நெற்றியைத் தடவிக்கொண்டே, நாங்கதான் ரேடியோவில் சொன்னோமே சார் என்றார். அந்த மனிதர் எங்கள் விமானத்தின் இறக்கையைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, யார் இந்தக் கலர் எடுத்தது என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது என்னிடம். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் ஓடுதளத்தைப் பார்த்தார்.

திரும்பி வந்தோம். பொழிச்சலூரில் கொட்டகைக்குள் விமானத்தைத் தள்ளியதும் சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டேன். எதிரே வருகிறவனுக்குத் தெரிகிற நிறத்தில் அடிக்கும்வரை ஓட்டமாட்டேன், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு தடவை நடந்ததற்காக இப்படியா என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"ரெண்டாவது தடவை நடந்தா, இப்படி நின்னு பேசறதுக்கு நாம இருக்கமாட்டோம்ணா," என்றேன்.

விமானம் சும்மா நின்றது. டாக்டர் போன் செய்து சமாதானம் பேசினார். அண்ணன் ஒரு யோசனையோடு போன் செய்தார். பிங்க் ஸ்டிக்கராக ஒட்டிவிடலாமாம். முக்கியமான இடங்களுக்குப் போகும்போது உரித்துக்கொள்ளலாமாம். மோத வருகிறவனுக்கும் முகூர்த்த நாள் குறித்துச் சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். கடைசியில் முடித்துவைத்தது அண்ணிதான். நெற்றியில் வீக்கத்தோடு வந்து நின்றவரிடமிருந்து நடந்ததையெல்லாம் தோண்டிக் கேட்டுவிட்டு, அன்றைக்கே அந்தக் கலரை அடித்திருக்கலாமே என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம். அதற்கப்புறம் அவரோடு பேசவேயில்லையாம். எனக்கு அண்ணன் சொன்ன காரணம் வேறு: யோசித்துப் பார்த்ததில் பிங்க்கும் ஒன்றும் மோசமில்லை என்று தோன்றியதாம்.

மேஸ்திரி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா மேடம், இத அடிச்சா கண்ணு கூசுமே," என்றார். கூசட்டும், அதற்குத்தான் என்றேன். இந்தத் தடவை நான் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இறக்கை நுனி இரண்டும், வால் முழுக்கவும், ராணி பிங்க். பொழிச்சலூர் மாடிகளிலிருந்து இரண்டு பெண்கள் துணியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் பார்த்தார்கள்.

பிறகு அண்ணனின் கல்யாண நாள் விருந்து வந்தது. பிங்க் வாலோடு நிற்கும் விமானத்தின் படத்தைப் போனில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒருவர், ஏன் சார் இந்தக் கலர் என்று கேட்டார். அண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஒவ்வொரு கலருக்கும் ஒரு கட்சி, ஒரு சாதி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன் சார், யாருக்கும் சொந்தமில்லாத கலர் இது ஒன்றுதான் இருந்தது, சட்டென்று பிடித்துவிட்டேன் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். நான் கையில் தட்டோடு அண்ணனுக்கு நேர் எதிரேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி தெற்கே போனோம். அண்ணன் பழைய இடத்தில், என் வலப்பக்கம். வானம் வழக்கம்போல வெளுத்துக் கிடந்தது. சுற்றுக்குள் நுழைந்து எங்கள் இடத்தைச் சொன்னேன். பிறகு அந்தப் பயிற்சியாளரின் குரல் ஹெட்செட்டில் வந்தது.

"பிங்க் விமானம், நல்லாத் தெரியுது. யார் ஓட்டறது?"

அண்ணன் சிரித்துக்கொண்டே பதில் சொல்வதற்காகத் தன் பக்கத்து மைக் பட்டன்மேல் விரலை வைத்தார். நான் அந்த விரலை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, என் பட்டனை அழுத்தினேன்.

"நான்தான்," என்றேன்.